கல் கடித்த தகடு

குல்சும் சாணை பிடிக்கிறாள் என்பது அவளையும் அவள் புருசன் சுஐபுவையும் தவிர பெரியபட்டினத்தில் யாருக்கும் தெரியாது. கொல்லைக் கொட்டகைக்குள்ளிருந்து சக்கரம் இரைகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். "கண்ணைக் கட்டிக்கிட்டும் இந்தச் சுஐபு ஓயமாட்டேங்கிறானே" என்று சொல்லிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் போவார்கள். சுஐபு உள்ளே கயிற்றுக் கட்டிலில், வலது கண்ணில் பச்சைத் துணியோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

அவன் கொழும்பில் ஒரு பட்டறையில் பதினோரு வருசம் வேலை பார்த்தவன். இனி அங்கே தங்க அனுமதி இல்லை என்று ஆனதும் கப்பலேறி வந்தான். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, குல்சுமுக்கு ரெண்டு சேலை, அப்புறம் இந்தச் சாணை மிஷின். நடுவில் மோட்டார், ரெண்டு பக்கமும் ரெண்டு கல். வாகைப் பலகையில் நாலு போல்ட் போட்டு அதை இறுக்கி, கொல்லையில் ஓலைக் கொட்டகை போட்டான். தோணி கட்டுகிற ஆசாரிகளின் உளியும் வாய்ச்சியும், கசாப்புக் கடைக் கத்தியும் வந்தன. வயிற்றுப்பாடு கழிந்தது.

அப்புறம்தான் அந்தப் புயல் அடித்தது. தீவுப் பக்கம் ஊரே போயிற்று. இந்தக் கரையில் பனைகள் போயின. உச்சிப்புளியைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டின மட்டும் பனை படுத்துக் கிடந்தது. முதுகுளத்தூர்க்காரர் பூமிநாதன் விழுந்த மரங்களை ஏலத்தில் எடுத்தார். கோடாலி வைத்து வெட்டினால் அடுத்த புயல் வந்துவிடும் என்று, கொச்சிக்கு ஆள் அனுப்பி ஒரு மிஷின் ரம்பம் வாங்கிவந்தார். பெட்ரோலில் ஓடுகிற சாமான். சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின் அதன் நாக்கைச் சுற்றி ஓடும். அந்தச் செயினில் இடது ஒன்று வலது ஒன்றாக மாறி மாறி முப்பத்தாறு பல்.

பனை வைரம் பாய்ந்த மரம். போதாததற்குப் புயல் அதன் உடம்பெல்லாம் கடல் மணலை அடித்து ஏற்றியிருந்தது. ரெண்டு மரம் அறுப்பதற்குள் பல் மழுங்கிப்போகும். சாணை மிஷின் வைத்திருக்கிற ஆள் பக்கத்தில் சுஐபு ஒருத்தன்தான். செயின்கள் சாக்குப் பையில் பஸ்ஸேறி வர ஆரம்பித்தன.

மூன்றாவது செயின் பிடிக்கும்போது கல்லிலிருந்து பொறி தெறித்து அவன் வலது கண்ணில் ஏறிவிட்டது. இராமநாதபுரத்தில் டாக்டர் துகளை எடுத்துவிட்டு, ரெண்டு மாசத்துக்கு நெருப்பு, வெளிச்சம் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஏழு செயின் கிடந்தது. குல்சும் ஒரு நாள் முழுக்க அதையே பார்த்தாள். மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு, அவனுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

வேலை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கல்லின் விளிம்பைப் பல்லின் வளைவுக்குத் தக்கபடி உருட்டிக்கொள்ள வேண்டும். முதல் பல்லில் சிவப்புச் சாயம் ஒரு பொட்டு. வலப்பக்கத்துப் பல்லையெல்லாம் முடித்துவிட்டு, செயினைத் திருப்பி இடப்பக்கத்துப் பல். கல்லில் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு கூடுதலாக வைத்தால் இரும்பு நீலம் பூத்துவிடும். நீலம் பூத்த பல் மறுபடி வெட்டாது. எல்லாப் பல்லும் ஒரே உயரம் இருந்தாக வேண்டும். இட்டிலி மாவுக்கு உப்புப் போடுகிற மாதிரி அவள் கைக்கு அளவு வந்துவிட்டது. "என்னைவிட நல்லாத்தான் பிடிக்கிறே" என்று சுஐபு ஒரு நாள் சொன்னான். அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை. வாடை ஓய்கிற நேரம். காற்று நிற்பதும் திடீரென்று கிளம்பி ஓலையைப் பிய்ப்பதுமாக இருந்தது. காலையிலிருந்து கரண்ட்டும் அப்படித்தான். சக்கரம் சுற்றும், தளரும், முனகும். மரம் அறுக்கிற இருளாண்டி செயின் வாங்கிப்போக வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் உச்சிப்புளிக்குப் போக முடியும்.

"முடிஞ்சிருச்சா பாய்?" என்று வாசலிலிருந்து கேட்டான்.

"இந்தா, ஆச்சு" என்று சுஐபு கொல்லைப்பக்கம் நின்று குரல் கொடுத்தான்.

குல்சும் அவசரப்பட்டாள். கரண்ட் தளர்ந்தது. சக்கரம் மந்தமாகச் சுற்ற, பல் தேயவில்லை. கொஞ்சம் அழுத்திக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் முழுசாக வந்தது. சக்கரம் வீரிட்டுக் கிளம்பியது. கல் பல்லைத் தாண்டி, அதை ஒட்டின இணைப்புத் தகட்டில் போய்க் கடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தகட்டின் இடுப்பில் பளபளவென்று ஒரு வெட்டு. ஆழம் அரிசி மூக்கு அளவு இருக்கும்.

சுஐபுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"இத வச்சுக்குவோம். நாளைக்கு மாத்துத் தகடு போட்டுக் குடுப்போம்" என்றாள் அவள்.

"மாத்துத் தகட்டுக்கு எங்கிட்டுப் போக? கொச்சிக்கா? வந்தவன் வெறுங்கையோட போனா பூமிநாதன் நாளைக்கே செயினையெல்லாம் மதுரைக்கு அனுப்பிருவாரு."

"அந்துருச்சுன்னா?"

"தாங்கும் குல்சும். இரும்பு. தாங்கும்."

உப்புத்தாளை எடுத்து அந்த வெட்டின் பளபளப்பை அவனே தேய்த்து மங்கடித்தான். மேலே எண்ணெய் தடவினான். இருளாண்டி செயினை வாங்கித் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீர் கேட்டான். குல்சும் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். அண்ணாந்து குடித்துவிட்டு, "வாரேன் பாய்" என்று பஸ்ஸுக்கு ஓடினான்.

 மறுநாள் குல்சும் சக்கரத்தைத் தொடவில்லை. பாத்திரத்தைத் துலக்கினாள், துலக்கினதையே திரும்பத் துலக்கினாள். கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தாள். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவண்டை வந்து நின்றாள். உச்சிப்புளியிலிருந்து வருகிற யாரிடமாவது கேட்கலாம். என்னவென்று கேட்பது? செயின் அறுந்ததா என்றா?

சனிக்கிழமை காலையில் சுஐபு டீக்கடைக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்துருச்சாம்" என்றான்.

"யாருக்கு என்ன?"

"இருளாண்டிக்கு இடது கையி. ரெண்டு வெரலு போயிருச்சாம். ராம்நாட்டு ஆஸ்பத்திரில கெடக்கானாம்."

 அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் ஆணம் வழிந்து நெருப்பில் சுரீரென்றது. ரெண்டு பேரும் அதை இறக்கவில்லை.

உலகம்மாள் வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இருளாண்டியின் பெண்டாட்டி. கறுத்த, எலும்பான பொம்பளை. காலில் செருப்பில்லை, முழங்கால் வரைக்கும் புழுதி. கையில் ஓலைப்பெட்டி. வாசலில் நின்று, "பாய் இருக்காகளா?" என்று கேட்டாள்.

சுஐபு வந்து நடையில் உட்கார்ந்தான். குல்சும் உள்கதவை ஒட்டி நின்றாள்.

"எம் புருசன் குடிச்சிட்டு மிஷினைத் தொட்டான்னு மொதலாளி போலீசுல சொல்லிட்டாக பாய். வெரலு போனதுகூடப் பெருசில்ல. குடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கையில, குடிச்ச கேசுன்னா செயிலுக்குல்ல கொண்டுபோவாக? எம் புருசன் வெத்தலைகூடப் போடாத மனுசன். கட்டிக்கிட்டு ஒம்பது வருசத்துல சாராய வாடைன்னு நான் கண்டதில்ல."

"பூமிநாதன் எதுக்கும்மா அப்படிச் சொல்றாரு?"

"சொல்லாட்டி, மிஷின் சரியில்லன்னு ஆகும்ல? மேல உள்ளவுகளுக்கு அவரு பதில் சொல்லணும்ல? குடிகாரப்பய செயினை மணலுக்குள்ள விட்டு அத்துட்டான்னா அவரு வேலை முடிஞ்சிருச்சு." அவள் ஓலைப்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். "ரத்தமா கெடந்துச்சு. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி நான் எடுத்து முடிஞ்சு வச்சுட்டேன். செயினைப் பத்தித் தெரிஞ்சவுக நீங்கதான். ஏன் அந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு ஏட்டய்யா மொதலாளி கொட்டகைக்கு வந்து எழுதுறாராம். நீங்க வந்து ஒரு வார்த்தை, குடியால இல்ல, செயின்லதான் கோளாறுன்னு சொன்னீகன்னா போதும்."

சுஐபு முடிச்சை அவிழ்த்தான். காய்ந்த ரத்தமும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக இருந்தது. அறுந்த ரெண்டு முனையையும் தூக்கிப் பிடித்தான். ரொம்ப நேரம் பிடித்திருந்தான். கதவிடுக்கில் குல்சும் அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்ப கண்ணு சரியா தெரியாதும்மா" என்றான் கடைசியில். "பாத்த மட்டுக்கும் செயின்ல ஒண்ணும் தெரியல."

உலகம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். "நல்லாப் பாருங்க பாய்."

"பாத்துட்டேன்."

அவள் அழவில்லை. முடிச்சைப் போட்டுப் பெட்டியில் வைத்தாள். எழுந்திருக்கப் போனவளைக் குல்சும் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "சாப்பிட்டியா தாயி?"

"பசிக்கல ஆத்தா."

"உக்காரு. வெயில்ல வந்திருக்கே."

தட்டில் சோற்றைப் போட்டு, சூடை மீன் ஆணத்தை ஊற்றி, நடையில் கொண்டுவந்து வைத்தாள். உலகம்மாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். நேற்றிலிருந்து சாப்பிடாதவள் மாதிரி சாப்பிட்டாள். குல்சும் கேட்காமலேயே ரெண்டாந்தடவை சோறு போட்டாள்.

அவள் போனதும் குல்சும் புருசன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் தெரியலன்னா சொன்னீக?"

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

"உள்ளதை."

"உள்ளது என்ன? கல்லு கடிச்சுச்சுன்னா, யாரு பிடிச்சதும்பான். நான்னு சொன்னா, கண்ணைக் கட்டிக்கிட்டா பிடிச்சேம்பான். அப்புறம் எங்கிட்டுப் போய் நிக்கும்? உங்கிட்ட வந்து நிக்கும். பொண்டாட்டியக் கொல்லையில வேலைக்கு விட்டுட்டு இவன் கட்டில்ல கெடந்தான்னு ஊரு பேசும். நான் பள்ளிவாசல்ல தொழுகைக்கு எந்த வரிசையில, எந்தச் சப்புல போய் நிப்பேன்?"

"உங்க மானத்துக்கு அவன் செயிலுக்குப் போகணுமா?"

"மானம் மட்டுமா? நாளைக்கு எவன் நம்மகிட்டச் சாணைக்குக் குடுப்பான்? மிஷினைக் கடல்ல தூக்கிப் போட வேண்டியதுதான்."

"போட்ருவோம்."

"பேச்சுக்குச் சொல்லாதே குல்சும்."

"பேச்சுக்கு இல்ல. அன்னிக்கே வேண்டாமுன்னேன். தாங்கும்னீக. நானும் விட்டுட்டேன். தண்ணி குடுத்து அனுப்பினேன், அந்த மனுசனை. இன்னிக்கு அவன் பொண்டாட்டிக்குச் சோறு போட்டிருக்கேன். எனக்குக் கையி கூசுது." அவள் மூச்சு வாங்கினாள். "காலையில நான் உச்சிப்புளிக்குப் போறேன்."

"தனியாவா?"

"நீங்க வந்தா நீங்களும்."

அவன் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

காலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. பஸ்ஸில் அவள் முன்னால் பொம்பளைகள் பக்கம், சுஐபு பின்னால். வழியெல்லாம் கிடந்த பனைகளை அவள் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போனாள். அறுத்த தடத்தில் செந்தும்பு நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

பூமிநாதனின் கொட்டகை தண்டவாளத்துக்குக் கிட்டே இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த உடம்பு. ஏட்டய்யா மர முட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஓரத்தில் உலகம்மாள் ஓலைப்பெட்டியோடு குத்தவைத்திருந்தாள். சுஐபுவைப் பார்த்ததும் எழுந்தாள்.

சுஐபு ஏட்டய்யாவுக்கு முன்னால் போய் நின்றான். குல்சும் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்:

"ஐயா, அந்தச் செயின்ல கோளாறு. நான்தான் சாணை பிடிச்சேன். தகட்டுல கல்லு பட்டுருச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஏட்டய்யா நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தார். "எப்பய்யா கண்ணைக் கட்டினே?"

"மாசம் ஒண்ணாச்சுங்க."

"ஒரு மாசமா ஒத்தைக் கண்ணோட மிஷின்ல பல்லு தீட்டுறியா?"

பூமிநாதன் சிரித்தார். "இந்தப் பொம்பள போய் அழுதிருப்பா. பாய் எளகின மனசு. பொய் சொல்ல வந்திருக்காரு."

"அவுக பிடிக்கல" என்றாள் குல்சும். துப்பட்டிக்குள்ளிருந்து வந்த குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "நான் பிடிச்சேன்."

கொட்டகையில் மரம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"நீயா?" என்றார் ஏட்டய்யா.

"ஒரு மாசமா வர்ற செயினெல்லாம் நான்தான் பிடிக்கிறேன். அன்னிக்குக் கரண்டு தளந்துச்சு. அழுத்தினேன். படக்குன்னு வேகம் வந்து கல்லு தகட்டைக் கடிச்சுருச்சு. கண்ணால பாத்தேன். பாத்தும் குடுத்து விட்டோம்."

"பொம்பளையாவது செயினைப் பிடிக்கிறதாவது. யாரு நம்புவா?" என்றார் பூமிநாதன்.

குல்சும் அவரைப் பார்க்கவில்லை. ஏட்டய்யாவிடம் சொன்னாள்: "அந்தச் செயின் அந்தத் தாயி பெட்டியில இருக்கு. நேத்து வீட்டுக்குக் கொண்டுவந்துச்சு. நான் தொடல. கேளுங்க."

"தொடலதான். உள்ளதான் நின்னாக" என்றாள் உலகம்மாள், ஒன்றும் விளங்காத குரலில்.

"ஒரு பல்லுல சிவப்புப் பொட்டு இருக்கும். அதை ஒண்ணுன்னு வச்சு, வலப்பக்கத்துப் பல்லை மட்டும் எண்ணுங்க. ஒம்பதாவது பல்லு மத்ததைவிடக் கட்டையா இருக்கும். அதை ஒட்டின தகடுதான் அந்திருக்கும். அந்த வாயில பாதிதான் முறிஞ்ச இரும்பு. மீதி கல்லு தேய்ச்சது. உப்புத்தாள் போட்டு மங்கடிச்சிருக்கு."

ஏட்டய்யா செயினை வாங்கிக் காகிதத்தின்மேல் போட்டார். சிவப்புப் பொட்டைக் கண்டுபிடிக்க எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டியிருந்தது. பேனா முனையால் எண்ணினார். உதடு அசைந்தது. ஒன்பதில் நின்றார். அறுந்த முனையை வெயிலுக்குக் காட்டித் திருப்பினார்.

"புருசன் சொல்லிக்கொடுத்திருப்பாரு" என்றார் பூமிநாதன். இப்போது சிரிக்கவில்லை.

"தனக்குக் கேடு தேட இம்புட்டுக் கணக்காய்யா ஒருத்தி பாடம் பண்ணிக்கிட்டு வருவா?" என்றார் ஏட்டய்யா. "ஆஸ்பத்திரிலயும் வாடை இல்லன்னுதான் எழுதிருக்காக. குடின்னு சொன்னது நீரு ஒருத்தர்தான். அந்தப் பேச்சை விட்ரும். நான் உள்ளதை எழுதிக்கிறேன்."

எழுதினதைப் படித்துக் காட்டினார். குல்சும் கைநாட்டு வைக்கவில்லை. தன் பெயரை அரபுத் தமிழில் வலமிருந்து இடமாக எழுதினாள். சுஐபு அதற்குக் கீழே, "தெரிந்தே கொடுத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் உலகம்மாள் எதிரே வந்து நின்றாள்.

"நேத்து எனக்குச் சோறு போட்டீகளே. அப்ப தெரியுமா ஆத்தா உங்களுக்கு?"

"தெரியும்."

உலகம்மாள் ஓலைப்பெட்டியை இடுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். வெயிலில் அவள் புள்ளியாகிற மட்டும் குல்சும் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

குடிச்ச கேசு போயிற்று. இவர்களை ஏட்டய்யா ஒரு எச்சரிக்கையோடு விட்டார். ஊர் பேசத்தான் செய்தது. தெருவில் பொம்பளைகள் கொல்லை வேலியோரம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சுஐபு ஜும்மாவுக்குப் போய்விட்டு முகம் சிவக்கத் திரும்பினான். என்ன கேட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவனே கொட்டகையின் முன்தட்டியை அவிழ்த்து எறிந்தான். "இருட்டுல எதுக்கு வேலை பாக்கணும்? காத்தாவது வரட்டும்" என்றான். ஆசாரிகளின் உளி ஒன்றிரண்டு வந்தது. செயின் வரவில்லை. பூமிநாதன் மதுரைக்கு அனுப்பினார். போக வர ஆறு நாள். வந்த பல்லெல்லாம் நீலம் பூத்து வந்தது என்று பஸ் கண்டக்டர் சொன்னார். குல்சும் கேட்டுக்கொண்டாள். சந்தோசப்படக் கூச்சமாக இருந்தது.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் இருளாண்டி வந்தான். இடது கையில் அழுக்குக் கட்டு. வலது தோளில் நாலு செயின். சுஐபு ஓடிப்போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். இருளாண்டி உட்காரவில்லை, நேரே கொட்டகைக்கு வந்து செயின்களைப் பலகையில் இறக்கினான்.

"மிஷினைத் தொட முடியாது இனி. செயினைக் கொண்டுபோய்க் கொண்டுவர்ற வேலை குடுத்திருக்காரு மொதலாளி. பாத்து வாங்கிட்டு வாடான்னாரு" என்றான்.

"கையி வலிக்குதாண்ணே?" என்று குல்சும் கேட்டாள். முதல் தடவையாக அவன் முகத்துக்கு நேரே பேசினாள்.

"இல்லாத வெரலுதான் வலிக்குது."

 குல்சும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். சக்கரம் எழும்பியது. அவன் ரெண்டடி தள்ளி, பொறி படாத இடத்தில் குத்தவைத்து, அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தான். கரண்ட் ஒரு தரம் தளர்ந்தது. அவள் செயினைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். சீராகிற மட்டும் நின்றாள். வேலியோரம் ரெண்டு தலை தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முப்பத்தாறு பல்லும் முடிந்தது. துடைத்து அவன் மடியில் வைத்தாள். அவன் வலது கைப் பெருவிரலை ஒவ்வொரு தகட்டின்மேலும் பையப் பைய ஓட்டிக்கொண்டு போனான். பாதி தாண்டினதும் விரல் நின்றது. திரும்ப அதே தகட்டைத் தடவினான். வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தான்.

குல்சும் குனிந்து பார்த்தாள். "அது கல்லு பட்டது இல்லண்ணே. ரிவிட்டு அடிச்ச தழும்பு. புதுசுலயே இருக்கும்."

சுஐபுவும் வந்து பார்த்துவிட்டு, "ஆமா, தழும்புதான்" என்றான்.

இருளாண்டி தலையை ஆட்டினான். ஆனால் செயினைத் தோளில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"உங்களைச் சொல்லல ஆத்தா" என்றான். "கையி நம்ப மாட்டேங்குது."

சுஐபு என்னவோ சொல்ல வாயெடுத்தான். குல்சும் வேண்டாம் என்று தலையசைத்தாள். இருளாண்டியின் மடியிலிருந்து அந்தச் செயினை எடுத்து, "நம்பாததை எடுத்துட்டுப் போக வேண்டாம்ணே" என்று கொட்டகைக் கம்பில் தனியாக மாட்டினாள். பலகையிலிருந்து அடுத்ததை எடுத்து முதல் பல்லில் சிவப்புப் பொட்டு வைத்தாள்.

இருளாண்டி குத்தவைத்தபடியே ஒரு அடி முன்னால் நகர்ந்துவந்தான்.